ஜொகூர் காற்றில் கடைசல் மரத்துக்கு எந்தப் பூச்சு?

மூவார் என்றதும் சாப்பாட்டுப் பிரியர்களுக்கு மீ பண்டுங் நினைவுக்கு வரும். வியாபாரிகளுக்கு மரச்சாமான் நினைவுக்கு வரும். மலேசியா வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாற்காலி, மேசை, கட்டில்களில் பெரும்பங்கு ஜொகூர் மாநிலத்தின் இந்த ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தொழிற்சாலைகளில் உருவாகிறது. அவற்றுக்கான மரம் பெரும்பாலும் ரப்பர். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய அதே மரம். ஹென்றி விக்காம் 1876இல் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டே சில கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அங்கிருந்து தீபகற்பம் முழுக்கப் பரவிய பால்மரத்தை, 25 அல்லது 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வது தோட்டங்களின் வழக்கம். சாய்த்த மரம் நெடுங்காலம் விறகாகத்தான் போயிற்று: ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோட, செங்கல் சூளைக்கு எரிக்க.

விறகாகப் போனதற்குக் காரணம் உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலப்பூசணம் படரும். உளுப்பூச்சி துளைத்துத் தூளாக்கிவிடும். போரான் உப்புக் கரைசலை அழுத்தம் கொடுத்து உள்ளே செலுத்தி, தாமதமின்றிச் சூளையில் உலர்த்தும் முறை நிலைபெற்ற பிறகே அது நாற்காலிக்கு உகந்த பலகையானது. ‘மலேசிய ஓக்’ என்று ஒரு வணிகப் பெயரும் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு உள்ளூர்த் தொழிலுக்கே மரம் போதாமல், 2017 ஜூலை முதல் ரப்பர் பலகை ஏற்றுமதிக்கு அரசு தடை போட்டது.

இந்த மரம் கடைசலுக்கு வாகானது. கன மீட்டருக்கு 600 கிலோவை ஒட்டிய எடை. உளி ஓடும்போது சிம்பு சிம்பாகப் பிய்ந்துகொண்டு வராது. நாற்காலிக் கால், கட்டில் தூண், மாடிப்படிக் கம்பிகளுக்குப் பதிலான மரத்தண்டு, கதவுக் குமிழ், பூரிக்கட்டை, மத்து, குங்குமச் சிமிழ் வரை எல்லாம் கடைசல் எந்திரத்தில் சுழன்று பிறப்பவை. சுழன்று முடிந்ததும் எழும் கேள்விதான் இந்தக் கட்டுரையின் பொருள்: அதற்கு எண்ணெய் தேய்ப்பதா, லாக்கர் அடிப்பதா, அல்லது அரக்குப் பிடிப்பதா?

கடைக்காரரிடம் கேட்டால் டின்னின் பெயரைச் சொல்வார். வெளிநாட்டுக் கடைசல் புத்தகங்களைப் புரட்டினால் குளிர்நாட்டுக்காரர்களின் அனுபவம் கிடைக்கும். இரண்டும் இங்கே பாதிதான் உதவும். ஜொகூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. விடியற்காலையில் 90ஐத் தாண்டும். சூளையில் 8, 10 சதவீத ஈரத்துக்கு உலர்த்திய மரம், திறந்த கொட்டகையில் சில வாரம் கிடந்தால் 14, 15 சதவீதத்துக்கு ஏறிவிடும். பூச்சு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் இறுகுகிறது. சில, கரைப்பான் ஆவியாவதால். சில, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்பதால். சில, சூட்டில் உருகி ஆறுவதால். ஒன்றோ, நம்பக் கடினமாக இருந்தாலும், ஈரத்தால். எனவே ஜொகூரில் பூச்சைத் தேர்வது, அது எப்படிக் காய்கிறது என்பதைப் பார்த்துத் தேர்வதாக இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் தொழிற்சாலை லாக்கர். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் 1920களில் மோட்டார் கார்களுக்காகப் பெருவழக்கான சரக்கு. கார்கள் அதைக் கைவிட்டு வெகுநாளாயிற்று, மரச்சாமான் விடவில்லை. காரணம் வேகம். தெளித்த சில நிமிடங்களில் தொட்டுப் பார்க்கலாம், ஒரே நாளில் பல பூச்சு ஏற்றலாம், கீறல் விழுந்தால் மேலே இன்னொரு பூச்சு அடித்தால் பழையதைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். ஆனால் தெளிக்கும் பக்குவத்தில் அதில் பெரும்பகுதி தின்னர்தான். அந்தத் தின்னர் விருட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பின் சூட்டையும் கூடவே எடுத்துச் செல்கிறது. மழை பெய்து ஓய்ந்த மாலை நேரத்தில் ஒரு நாற்காலிக் காலுக்கு லாக்கர் அடிப்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதலில் கண்ணாடியாய் மின்னும். ஒரு நிமிடத்துக்குள் குழிவான இடங்களில், லாக்கர் கனமாகத் தங்கிய இடங்களில், பால் ஊற்றியதுபோல் வெண்மை படரத் தொடங்கும். குளிர்ந்த மேற்பரப்பில் காற்றின் ஈரம் பனித்துளியாக இறங்கி, இறுகும் படலத்துக்குள் மாட்டிக்கொண்டதன் அடையாளம் அது. பட்டறைகளில் இதைப் ‘பூத்துப்போச்சு’ என்பார்கள்.

பூத்ததைச் சரிசெய்ய முடியும். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கொஞ்சம் கலந்து மெல்லியதாய் ஒரு பூச்சு தெளித்தால் படலம் மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, தெளிந்துவிடும். அதைவிட நல்லது, பூக்கவே விடாதிருப்பது: காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியபின் அடிப்பது, மரத்தைக் குளிர்சாதன அறையிலிருந்து நேரே கொண்டுவராதிருப்பது, கனத்த ஒரே பூச்சுக்குப் பதில் மெல்லிய மூன்று பூச்சு போடுவது. பெரிய தொழிற்சாலைகள் உலர்த்தும் அறை வைத்துக்கொண்டு இந்தத் தொல்லையைக் கடந்துவிட்டன. வீட்டுக் கொட்டகையில் தெளிப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் மழைக்காலத்தில் லாக்கரைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

அமிலம் கலந்து இறுகும் லாக்கர், இரு பொருள் கலந்து இறுகும் பாலியூரிதேன் இரண்டும் சூட்டுக்கும் தண்ணீருக்கும் நைட்ரோவைவிடப் பலமடங்கு தாங்கும். சாப்பாட்டு மேசைக்கும் மாடிப்படிக்கும் அவைதாம் சரி. விலை வேறு விதத்தில் வரும்: முன்னதிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும், பின்னதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பதம்பார்க்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு அந்த வேலை அதோடு சரி. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும், ரசாயனங்கள் குறித்து 2000இல் வந்த விதிமுறைகளும் முதலாளியின் கடமையைத் தெளிவாகவே சொல்கின்றன. தனி ஆளாய் வீட்டு முற்றத்தில் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு தெளிப்பவரை எந்தச் சட்டமும் போய்ப் பார்ப்பதில்லை. தூசுக்கான துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. இதைத் தெரிந்துகொண்டே செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

அடுத்தது எண்ணெய். நம் வீடுகளில் மரத்துக்கு எண்ணெய் என்றால் கை தானாகத் தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். அது காயாது. ஓர் எண்ணெய் காற்றை ஏற்று இறுகுமா என்பதை அதன் அயோடின் எண்ணைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். தேங்காயெண்ணெய்க்கு அது 10க்குள். பனை எண்ணெய்க்கு 50 வாக்கில். நல்லெண்ணெய் 110ஐத் தொட்டாலும் இறுகுவதில் சேர்த்தியில்லை. ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல், அது இறுகும். ஆக, கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை நிற்கும் ஜொகூரில், ஆலைகளில் ஓடும் அத்தனை எண்ணெயிலும் ஒரு நாற்காலிக் காலுக்கு உதவும் சொட்டு இல்லை. தேங்காயெண்ணெயோ பனை எண்ணெயோ தேய்த்த மரம் முதல்நாள் அழகாக இருக்கும்; பிறகு பிசுபிசுத்து, தூசு அப்பி, சிக்கு வாடை அடிக்கும்.

ஆளிவிதை எண்ணெயிலும் ஒரு சிக்கல் உண்டு. கடையில் ‘காய்ச்சியது’ என்று விற்பது பெரும்பாலும் காய்ச்சியதல்ல, சீக்கிரம் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு உப்புகள் சேர்த்தது. அப்படியும் ஈரக்காற்றில் அது சோம்பேறித்தனமாகவே உலர்கிறது. அதைவிட மோசம், பூசணத்துக்கு அது நல்ல தீனி. காற்றோட்டமில்லாத அறையில் ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசிய ரப்பர் மரக் கிண்ணம் சில மாதத்தில் கரும்புள்ளி வைத்துவிடும். சீனத்து டங் எண்ணெய் இந்த விஷயத்தில் மேல். தண்ணீரையும் நன்றாகத் தடுக்கும். விலைதான் கை கடிக்கும்.

யாரும் அதிகம் கவனிக்காத ஓர் எண்ணெய் காலடியிலேயே கிடக்கிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் ரப்பர் கொட்டையைப் பொறுக்கி விளையாடாமல் இருந்திருக்க முடியாது. அந்தக் கொட்டையின் எண்ணெய்க்கு அயோடின் எண் 130 முதல் 145 வரை; அரைகுறையாக உலரும் வகை. பெயின்ட்டுக்கான பிசின் தயாரிப்பில் ஆளிவிதை எண்ணெய்க்கு மாற்றாக அதை ஆய்வாளர்கள் பலகாலமாகச் சோதித்து வருகிறார்கள். கொஞ்சம் உலர்ப்பி சேர்த்தால் மரத்துக்கும் பயன்படும். பாலும் பலகையும் கொடுத்த மரமே பூச்சுக்கான எண்ணெயும் கொடுக்கும் என்றால் அதைக் குப்பையாக விடுவது நியாயமில்லை. ஆனால் உணவுப் பாத்திரத்துக்கு வேண்டாம். அந்தக் கொட்டையில் சயனைடு தரும் சத்து உண்டு.

எந்த எண்ணெயானாலும் கடைசலில் பூசும் முறை ஒன்றுதான். உப்புத்தாளில் 120இல் தொடங்கி 180, 240, 320 என்று ஏற வேண்டும். தட்டைப் பலகையில் இல்லாத ஒரு சங்கடம் இங்கே உண்டு: உருளையான துண்டில் மணியும் குழிவுமாகச் செதுக்கும்போது மரத்தின் குழல்கள் பல இடங்களில் குறுக்கே வெட்டுப்படுகின்றன. அந்த இடங்கள் எண்ணெயை உறிஞ்சிக் கறுத்துப்போகும். பக்கத்து இடம் வெளிறி நிற்கும். வெட்டுப்பட்ட இடங்களை மட்டும் ஒரு படி கூடுதல் மென்மையான தாளில் தேய்த்தால் இந்த வேறுபாடு குறையும். எண்ணெயைத் தாராளமாக விட்டு, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டது இறுகாமல் பிசினாக நிற்கும். மறுநாள் திரும்பவும்.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுழலும் கடைசலில் துணியால் பூசக்கூடாது. துணி மரத்தில் சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும். கிழியக்கூடிய காகிதத் துவாலையே பத்திரம். இரண்டாவது, ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது இறுகும்போது வெளியிடும் சூடு சுருட்டலுக்குள் தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

இனி அரக்கு. கடைசல் மரத்துக்கும் அரக்குக்கும் உள்ள பந்தம் நம் பக்கத்தில் மிகப் பழையது. திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான், கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மை, ஆந்திரத்தின் ஏடிகொப்பாகா பொம்மை மூன்றும் ஒரே தொழில்நுட்பத்தின் பிள்ளைகள். புரசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களின் கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் கொம்பரக்கு. அதைச் சுத்தம் செய்து, கரியடுப்புச் சூட்டில் இளக்கி, நிறம் சேர்த்துப் பிசைந்து இழுத்துக் குச்சிகளாக்கி வைத்துக்கொள்கிறார்கள். சன்னபட்டணத்தில் பாலை மரம் கடைசலில் வேகமாகச் சுழலும்போது கைவினைஞர் அந்தக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் நிறப்பட்டையாய் ஒட்டுகிறது. அப்போது பார்க்கத் திட்டுத்திட்டாக, மங்கலாக இருக்கும். உடனே முள் நீக்கிய தாழை ஓலைத் துண்டு ஒன்றை மடித்து மேலே அழுத்துகிறார். ஓலையின் உராய்வில் அரக்கு மறுபடி இளகி ஒரே சீராகப் பரவுகிறது. ஓலை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் மங்கல் போய் மினுக்கம் வந்துவிடுகிறது. கடைசலை நிறுத்தியதும் கையில் எடுக்கலாம். உலர்த்தக் காத்திருக்கும் வேலையே இல்லை.

ஜொகூர்க் காற்றை மனத்தில் வைத்து இந்த முறையை யோசித்துப் பாருங்கள். ஆவியாகத் தின்னர் இல்லை, ஆகவே பூக்காது. ஆக்சிஜனுக்காக நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, ஆகவே தூசும் பூசணமும் ஒட்டாது. வெளியே மழை கொட்டினாலும் மரம் உலர்ந்திருந்தால் போதும். அதே அரக்கைச் சாராயத்தில் கரைத்து ஷெல்லாக்காகப் பூசினால் இந்த நன்மை பாதி போய்விடுகிறது: சாராயம் காற்றின் ஈரத்தை இழுக்கும், பூச்சு வெளுக்கும், கரைத்து வைத்த போத்தலும் நம் வெக்கையில் சில மாதங்களில் பழசாகி, பூசினால் காயாமல் இழுக்கும். பிரெஞ்சு பாலிஷ் கற்றவர்கள் இந்த ஊரில் படும் பாடு இதனால்தான்.

அரக்கின் குறைகளை மறைப்பதற்கில்லை. 70 டிகிரி சூட்டை ஒட்டி அது இளகிவிடும். சுடுகோப்பை வைத்தால் தடம் விழும். தண்ணீரில் ஊறினால் வெளுக்கும். பாலை மரம்போல் நெருங்கிய இழை கொண்டதல்ல ரப்பர். அதன் துளைகள் கண்ணுக்குத் தெரியும், நிறமற்ற அரக்கில் புள்ளிகளாகக் காட்டிக்கொடுக்கும். நிறம் சேர்த்த அரக்குக்கு அந்தக் கவலையில்லை. ரப்பர் மரத்தில் அரக்கு பிடிக்குமா என்ற சந்தேகம் தேவையற்றது. பாலை கிடைப்பது அரிதான பிறகு சன்னபட்டணத்திலேயே ரப்பர் மரம் கடைகிறார்கள். சின்னப் பொருளுக்கு மட்டும்தான் சரிப்படும் என்பாரும் உண்டு. குஜராத்தின் சங்கேடாவில் தேக்கு மரத்தைக் கடைந்து அரக்கேற்றிய நாற்காலியும் ஊஞ்சலும் தொட்டிலும் செய்வதைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. வேகம்தான் மெய்யான தடை. சங்கிலியில் தொங்கவிட்டு நூற்றுக்கணக்கான கால்களுக்கு லாக்கர் தெளிக்கும் மூவார் தொழிற்சாலை, ஒவ்வொரு காலாகக் குச்சி அழுத்தும் முறைக்கு மாறப்போவதில்லை. மாறச் சொல்வதும் வீம்பு.

பிள்ளைகள் வாயில் வைக்கும் பொருள் என்றால் கணக்கு மாறும். அரக்கு உண்ணத்தகுந்தது, மாத்திரைகளுக்கும் மிட்டாய்க்கும் மெருகேற்றும் அதே சரக்கு. நஞ்சு வருவது நிறத்தில். மலிவான மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் கலந்த காலம் ஒன்று இருந்தது. 2008இல் அமெரிக்கா நிறைவேற்றிய சட்டத்தின்படி, மறு ஆண்டு ஆகஸ்ட் முதல் பிள்ளைகள் பொருள்மீதுள்ள பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. ஏடிகொப்பாகாவில் சி.வி. ராஜு தாவரச் சாயங்களை அரக்கோடு சேர்க்கும் முறையை மீட்டெடுத்துப் பரப்பினார். அந்த ஊர்ப் பொம்மைக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தை கேட்கும் பாதுகாப்பைக் கிராமத்துப் பட்டறையாலும் தர முடியும் என்பதற்கு அது போதிய சான்று.

ஈரத்தால் இறுகும் பூச்சு என்றேனே, அது சீனாவும் ஜப்பானும் போற்றும் உருஷி. ஒரு மரத்தின் பால் அது. அதிலுள்ள நொதி வேலை செய்ய 70, 80 சதவீத ஈரப்பதம் வேண்டும். ஜப்பானியர் அதற்காகவே ஈரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். ஜொகூரில் அறை முழுக்க அந்தப் பெட்டிதான்! ஆனால் அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். சேராங்கொட்டையும் முந்திரித் தோல் எண்ணெயும் அதே குடும்பத்துச் சரக்கு. மலேசியக் காடுகளில் ஆற்றோரம் நிற்கும் ரெங்காஸ் மரமும் அப்படியே, மரம் வெட்டுவோர் அதன் கரும்பாலுக்கு அஞ்சி ஒதுங்குவார்கள். கற்றுத்தர ஆளில்லாமல் இதில் இறங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. காட்டில் பூர்வகுடிகள் சேகரித்துவந்த டாமர் பிசினும் ஒருகாலத்தில் ஐரோப்பிய வார்னிஷுக்காகக் கப்பலேறியது. நம் குங்கிலியத்துக்கு உறவு. இன்று கடைசல் பட்டறையில் அதற்கு வேலை குறைவு.

கடைசியில் சமையலறை. பூரிக்கட்டை, மத்து, இடியாப்ப உரல் ஆகியவற்றுக்கு லாக்கர் கூடவே கூடாது. மாவோடு உரிந்து வரும். அரக்கும் வேண்டாம், வெந்நீர் பட்டதும் கெடும். நன்றாக இழைத்து, தண்ணீர் தெளித்து எழும்பிய இழையை மறுபடி தேய்த்து, அப்படியே விடுவதுதான் சரி. மனம் கேட்கவில்லை என்றால் மருந்துக்கடையில் விற்கும் மினரல் எண்ணெய் பூசலாம்; அது இறுகாது, சிக்கும் அடிக்காது. கழுவியதும் நிமிர்த்தி வைத்து உலர்த்துவது எந்தப் பூச்சையும்விடப் பலன் தரும்.

என் தீர்ப்பு இதுதான். மேசைக்கும் படிக்கட்டுக்கும் பாலியூரிதேன், அதையும் தொழிற்சாலையில் தெளிக்கட்டும். வீட்டுப் பட்டறையில் கடையும் கிண்ணத்துக்கும் விளக்குத் தண்டுக்கும் டங் எண்ணெய். பொம்மைக்கும் சிமிழுக்கும் அலங்காரத் தூணுக்கும் அரக்கு. மூவார் தொழிற்சாலைகளில் சூளையில் உலர்ந்து, அளவுக்கு அறுத்தபின் மிஞ்சும் ரப்பர்த் துண்டுகள் தினமும் கொதிகலனுக்குப் போகின்றன. சொப்பு கடைவதற்கு அதைவிடப் பக்குவமான மரம் தேட வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளிகளின் கைவினைப் பாடத்துக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பொறுப்பாக இருப்பவர்கள் அம்பாசமுத்திரத்திலிருந்தோ சன்னபட்டணத்திலிருந்தோ கைதேர்ந்த ஒரு கடைசல்காரரை அழைத்து ஒரு பட்டறை நடத்தட்டும். கொம்பரக்கை இந்தியாவிலிருந்து தருவிக்கலாம். மரமும் தாழை ஓலையும் இங்கேயே இருக்கின்றன.